மாநிறப் பெண்ணுக்கு அவள் நிறத்திலேயே கல்யாண மேக்கப்

முகூர்த்தம் ஆறரைக்கு என்றால் நான் மண்டபத்துக்கு மூன்று மணிக்கெல்லாம் போய்விடுவேன். பெட்டியைத் திறந்து டப்பாக்களை எடுத்து வைக்கும்போதே பெண்ணின் அம்மா பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "ஏம்மா, பொண்ணு கொஞ்சம் கலரா தெரியிற மாதிரி போட்டு விடும்மா." விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி என்று பதினான்கு வருடமாக எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதைக் கேட்கிறேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது பெண்ணின் காதில் விழுந்துவிடும். கண்ணாடியில் அவள் பார்வை கீழே போவது எனக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் நானும் கேட்டபடியே செய்துகொண்டிருந்தேன். 2012-இல் ஒரு பெண்ணுக்கு அவள் நிறத்தைவிட மூன்று ஷேடு வெளுப்பாக ஃபவுண்டேஷன் (முகம் முழுக்கப் பூசும் அடிப்பூச்சு) போட்டேன். மண்டபத்தில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆறு மாதம் கழித்து ஆல்பத்தைப் பார்த்தேன். முகம் சாம்பல் பூசிய மாதிரி ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், தாலி கட்டும்போது குனிந்த பிடரி இன்னொரு நிறம். "ஆல்பத்த யாருக்கும் காட்டுறதில்லக்கா" என்று அந்தப் பெண் சொன்னது இன்றுவரை மனதில் இருக்கிறது. அன்றைக்கு அவள் முகத்தை நான் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், வீட்டுக் கல்யாணத்தில் தங்கைக்கோ அண்ணன் மகளுக்கோ தானே மேக்கப் போடப்போகிறவர்களுக்கும் இது உதவும்.

இரண்டு மாதம் முன்பே பேசுங்கள்

பெண்ணைத் தனியாக உட்கார வைத்து முதலில் கேட்க வேண்டியது, "முகத்துக்கு இப்ப என்ன கிரீம் போடுற?" என்பதுதான். அம்மா பக்கத்தில் இருந்தால் சில பெண்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். கல்யாணம் நிச்சயமான அன்றே மருந்துக் கடையில் போய் ஒரு டியூப் வாங்கிவிடுகிறார்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று அதில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டிய மருந்து. முதல் சில வாரம் முகம் வெளுத்துப் பளபளக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு கிளம்பும், பூனைமுடி வளரும். திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அப்படிப்பட்ட முகத்தில் எந்த மேக்கப்பும் நிற்காது. அதனால் நிறுத்து என்று நாமாகச் சொல்லிவிடக் கூடாது. தோல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், அவர் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார். இரண்டு மாதம் முன்பே பேசச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு வகை, பெயரே கேள்விப்படாத டப்பாவில் வரும் கிரீம். தயாரித்தவர் முகவரி இருக்காது, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் இருக்காது. இப்படி வருகிற வெளுக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். கேரளத்தில் மலப்புரம் பக்கம் இந்த மாதிரி கிரீம் போட்டு வந்தவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்திருப்பதை 2023-இல் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்தில் பூசுகிற பொருள் சிறுநீரகம் வரை போகும் என்று ஒரு பெண்ணிடம் சொன்னபோது அவள் அங்கேயே கைப்பையைத் திறந்து டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

ப்ளீச் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் ப்ளீச் வேண்டாம். முகம் மட்டும் வெளுத்து, காதும் கழுத்தும் பழைய நிறத்தில் நிற்கும். எரிச்சல் வேறு. ஃபேஷியல் செய்ய வேண்டுமானால் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள், அதுவும் ஏற்கெனவே செய்து பழகியதாக இருக்கட்டும்.

ஷேடு பார்ப்பது

வேலையில் பாதி இதுதான். டியூப் லைட்டுக்குக் கீழே ஷேடு பார்க்காதீர்கள். பகலில், ஜன்னல் பக்கம், வெயில் நேராக விழாத இடத்தில் பெண்ணை உட்கார வையுங்கள். பலரும் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பார்கள். கை வெயில் பட்ட இடம், அதன் நிறம் வேறு. தாடை எலும்பிலிருந்து கழுத்து வரைக்கும் விரல் நீளத்துக்கு மூன்று கோடு இழுங்கள். நீங்கள் நினைக்கிற ஷேடு நடுவில், ஒன்று அதைவிட வெளுப்பு, ஒன்று அடர்த்தி. அப்புறம் கால் மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருங்கள். காப்பி குடியுங்கள், சேலையைப் பாருங்கள். சில ஃபவுண்டேஷன் காற்றுப் பட்டதும் நிறம் மாறி அடர்த்தியாகும். பதினைந்து நிமிடம் கழித்து எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு போய்விட்டதோ அதுதான் அவள் ஷேடு.

நம் பெண்களில் நிறையப் பேருக்கு முகம் முழுக்க ஒரே நிறம் இருக்காது. கன்னம் சற்று வெளுப்பு, நெற்றியும் வாயைச் சுற்றியும் அடர்த்தி. கன்னத்து நிறத்தைப் பார்த்து ஷேடு எடுத்தால் நெற்றி சாம்பலாகிவிடும். கழுத்தும் மார்பின் மேல்பகுதியும் என்ன நிறமோ அதற்கு எடுங்கள். நான் எப்போதும் இரண்டு ஷேடு வைத்துக்கொள்வேன். அடர்த்தியானது நெற்றி ஓரத்துக்கும் தாடைக்கும், மற்றது முகத்தின் நடுவுக்கு. இரண்டும் சேரும் இடம் தெரியாமல் ஸ்பஞ்சால் ஒற்றிவிட்டால் முகத்துக்கு ஒரு எடுப்பு தானாக வரும், எடுப்புக்காக ஓரங்களில் நிழல் போல் பூசும் கான்டூர் தனியாக வேண்டியிருக்காது.

சாம்பல் ஏன் தட்டுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளுப்பான ஃபவுண்டேஷனில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி அதிகம், மஞ்சளும் சிவப்பும் குறைவு. அடர்ந்த தோலின் மேல் அந்த வெள்ளை படிந்தால் நீலம் கலந்த சாம்பல்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே இரண்டு பாட்டில் கையில் இருந்து எதை எடுப்பது என்று சந்தேகம் வந்தால், மஞ்சள் அல்லது செம்மை தூக்கலாக இருப்பதை எடுங்கள்.

நம் ஊரில் வெளுப்பான ஆளை 'சிவப்பு' என்கிறோம், 'கலர்' என்கிறோம். கறுப்பு ஒரு கலர் இல்லை போல. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகைச் சொல்ல 'மாமை' என்ற சொல் வரும். மாந்தளிரின் நிறம், நம் மாநிறம். பிரிவில் தோல் வெளிறிப்போவதைப் 'பசலை' என்றார்கள், அதை ஒரு நோயாகவே பாடினார்கள். கல்லூரியில் தமிழ் படித்தபோது பரீட்சைக்காகப் படித்த இந்த இரண்டு சொல்லும், மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தன.

முகத்தில் கை வைக்கும்போது

கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் நேராக வெளுப்பான கன்சீலரை (கறையை மறைக்கும் பூச்சு) வைக்காதீர்கள். நீலமும் ஊதாவுமாக இருக்கும் அந்த இடத்தில் வெளுப்பைப் பூசினால் சாம்பல்தான் வரும். முதலில் அந்த நீலத்தைச் சமன் செய்யும் ஆரஞ்சு கரெக்டர். மாநிறத்துக்கு இளம் ஆரஞ்சு, கறுப்புக்குச் செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் போகும் ஆரஞ்சு. அரிசி அளவு எடுத்து, மோதிர விரலால் ஒற்றி ஒற்றி, ஆரஞ்சு மங்கிக் கருமையும் மங்கும் வரைக்கும் பரப்புங்கள். அதற்கு மேல் அவள் நிறத்திலேயே கன்சீலர். வாயோரக் கருமைக்கும் இதே வழிதான்.

ஃபவுண்டேஷன் போடும் ஸ்பஞ்சை நனைத்து, ஒரு துண்டில் வைத்து இறுகப் பிழிந்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றுங்கள். ஒரு மெல்லிய பூச்சு போட்டு, தேவையான இடத்தில் மட்டும் இரண்டாவது. கண்ணாடியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று பார்த்தால் மேக்கப் தெரியக் கூடாது, பெண் தெரிய வேண்டும்.

காதையும் பிடரியையும் மறந்துவிடாதீர்கள். நம் கல்யாணத்தில் பெண் பாதி நேரம் குனிந்துதான் இருக்கிறாள். தாலி கட்டும்போது, காலில் விழும்போது, பட்டையைக் கிளப்பும் வீடியோ லைட் அவள் பிடரியில்தான் அடிக்கும். முகத்துக்கு அவள் நிறத்திலேயே போட்டிருந்தால் அங்கே ஒன்றுமே பூச வேண்டியதில்லை என்பதுதான் இதில் இருக்கிற நிம்மதி. மாலை உரசி, வியர்வை வழிந்து, பட்டு ஜாக்கெட் கழுத்தில் வெள்ளையாக ஒட்டுகிற தொல்லையும் கிடையாது.

பவுடர் விஷயத்தில் கவனம். வெள்ளையாக இருக்கும் லூஸ் பவுடரைக் கண்ணுக்குக் கீழே அப்பிவிட்டால் நேரில் ஒன்றும் தெரியாது, ஃப்ளாஷ் அடித்த படத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு நிற்கும். சிலிக்கா அதிகம் உள்ள பவுடரும், ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனும் இப்படிச் செய்யும். மஞ்சள் சாயல் உள்ள பவுடரை மெல்லத் தட்டுங்கள். முடித்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். போட்டோகிராபர் எடுக்கும் ஆயிரம் படத்தில் தெரியப்போவது அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும்.

கன்னத்துக்குப் போடும் பிளஷ்: இளம் ரோஸ் வேண்டாம், சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். செங்கல் சிவப்பு, நாவல்பழ நிறம், அடர்ந்த பவளம் இவை மாநிறத்திலும் கறுப்பிலும் ரத்தம் ஓடுவது போல் இருக்கும். டப்பாவில் பார்க்கும்போது அடர்த்தியாகத் தெரிந்து பயம் வரும், பிரஷ்ஷைத் தட்டிவிட்டு வையுங்கள். மினுமினுப்புக்குப் போடும் ஹைலைட்டர் பொன் நிறம் அல்லது செம்பு, வெள்ளி வேண்டாம். உதட்டுக்கு அரக்கு, மெரூன், அடர்ந்த ரோஸ். உதட்டு ஓரம் இயல்பிலேயே கருமையாக இருந்தால் அதை மறைத்து அழிக்காமல், பழுப்பு லைனரால் அந்த ஓரத்தையே கோடாக வைத்து உள்ளே நிறத்தை நிரப்புங்கள். அவ்வளவு அழகாக இருக்கும்.

கண்ணில் மட்டும் நான் நேரம் எடுத்துக்கொள்வேன். கறுத்த பெண்ணின் கண்ணில் மை எழுதினால் வெள்ளை விழி பளிச்சென்று தெரியும், அந்த அழகு எந்த நிறத்துக்கும் இல்லை. ஆனால் ஹோமப் புகை இருக்கிறது. ஈர விறகு வைத்துவிட்டால் கண்ணீர் கொட்டும். அதனால் நீரில் கரையாத மை, மஸ்காரா. கீழ் இமைக்கு மெல்லிய கோடு போதும். பெண்ணின் தோழி கையில் நான்கு காட்டன் பட்ஸும் மடித்த டிஷ்யூவும் கொடுத்து, "துடைக்காத, ஒத்தி எடு" என்று சொல்லி மேடைக்கு அனுப்புங்கள். சித்திரை, வைகாசியில் வியர்வைக்கும் இதே வைத்தியம்.

நலங்குக்கு வைத்த மஞ்சளை மறந்துவிடக் கூடாது. முந்தின நாள் முகத்தில் அப்பிய மஞ்சள் எண்ணெயோடு சேர்ந்து இறங்காது, அடுத்த நாள் ஷேடே மாறித் தெரியும். பயத்தம்மாவு போட்டு இரண்டு தடவை கழுவச் சொல்லுங்கள்.

சேலை எடுக்கும்போது கேட்டால், வெளிர் ரோஸைத் தேடாதீர்கள் என்று சொல்வேன். வெளிர் நிறம் கட்டினால் கலராகத் தெரிவாள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்தும் மாநிறத்தில் ஜொலிக்கிற மாதிரி வேறு யாருக்கும் ஜொலிக்காது. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் எம்.எஸ். நீலம் என்றே பெயர் வந்த அந்த நீலமும் அப்படித்தான்.

அம்மாவிடம் என்ன சொல்வது

பிரஷ் பிடிப்பதைவிட இது கடினம். அதிகாலை மூன்று மணிக்கு மண்டபத்தில் வைத்து நிறத்தைப் பற்றி வாதம் செய்யாதீர்கள். அந்த அம்மா கெட்டவர் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். அவரையும் ஒருநாள் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

ஒரு மாதம் முன்பு ட்ரயல் வைத்து, அன்றைக்கு அம்மாவையும் வரச் சொல்லுங்கள். முகத்தின் ஒரு பாதியில் அவர் கேட்ட வெளுப்பு ஷேடு, மறுபாதியில் பெண்ணின் ஷேடு. வாசலில் வெளிச்சத்தில் நிறுத்தி, கழுத்தோடு சேர்த்து இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கையில் கொடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். சென்ற வருடம் ஒரு அம்மா அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அம்மா மாதிரியே இருக்காளே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் காட்டியது பெண்ணின் சொந்த நிறம் இருந்த பக்கத்தை.

எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்போது பெண்ணிடம் கேளுங்கள், அவள் முகம், அவள் சொல்வதுதான். அவளே வெளுப்பாக வேண்டும் என்றால்? ஒரு ஷேடு வரை போவேன், கழுத்தோடு சேர்த்து. அதற்கு மேல் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், மூன்று தடவை.

சில விஷயங்களைச் சொல்லிப் புரிய வைக்க முடிகிறது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020-இல் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டது, அத்தை, நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்பேன். 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று 2009-இல் ஓர் இயக்கம் கிளம்பியதே நம் சென்னையில் இருந்துதான். நடிகை நந்திதா தாஸ் 2013-இல் அதற்கு முகம் கொடுத்தார். ஆச்சிகள் இருந்தால் இவையெல்லாம் தேவைப்படாது. "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள்.

போட்டோகிராபரிடமும் முன்பே பேசுங்கள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், இரண்டு பேர் முகமும் இருண்டுவிடும். நல்ல கலைஞர்கள் அதை எடுக்கும்போதே சரி செய்வார்கள். மற்றவர்கள் பிறகு கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் வெளுப்பார்கள். ஆல்பம் தயாராகும்போது முகத்தை வெளுக்க வேண்டாம் என்று பெண்ணையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

மேக்கப்பே வேண்டாம் என்கிற பெண்

இப்போது இவர்களும் வருகிறார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, "தினமும் மை மட்டும்தான் வைப்பேன்க்கா, அன்னைக்கும் என் பசங்களுக்கு என்ன அடையாளம் தெரியணும்" என்றாள். மாய்ஸ்சரைசர், வாயோரத்தில் ஒரு துளி கரெக்டர், புருவம் சீவி, மை எழுதி, உதட்டில் நிறமுள்ள லிப் பாம். இருபது நிமிடம். தலை அலங்காரத்துக்கும் சேலை கட்டியதற்கும் மட்டும் பணம் வாங்கிக்கொண்டேன். மாணவர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். இப்படிப்பட்ட பெண்ணை, "ஒரே ஒரு நாள்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். அதே போல, ஜிகினாவும் ஒட்டு இமையுமாக ஆசைப்படுகிற பெண்ணை, "எதுக்கு இவ்வளவு" என்று யாரும் வாய் திறந்தால் அவளுக்காக நீங்கள் பேசுங்கள்.

கலைப்பது

பெண் எவ்வளவு களைத்திருந்தாலும் மேக்கப்போடு தூங்கவிடாதீர்கள். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, தண்ணீர் படாத முகத்தில் அப்படியே தடவுங்கள். கண் மேல் எண்ணெய் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்திருந்தால் மையும் மஸ்காராவும் இளகி வரும், இழுக்க வேண்டியதில்லை. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் முகம் கழுவ வேண்டும். பரு வரும் முகம் என்றால் எண்ணெய்க்குப் பதில் மைசெல்லர் வாட்டர் (மேக்கப் கலைக்கும் திரவம்). கொண்டையில் குத்திய ஊசிகளை எண்ணித்தான் குத்துவேன். எத்தனை என்று சின்னச் சீட்டில் எழுதிப் பெண்ணின் அக்காவிடம் கொடுத்துவிட்டு வருவேன். கழற்றும்போது ஒன்று குறைந்தாலும் தேடச் சொல்லுங்கள், தலையணையில் படுக்கும்போது குத்தும்.